எங்கள் லேத் பிறந்த ஊர்

என்னை நிச்சயம் பண்ணுவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வர உடுமலைப்பேட்டையிலிருந்து எங்கள் ஆட்கள் வேன் பிடித்துப் பெரியநாயக்கன்பாளையம் போனார்கள். திரும்பி வந்த சித்தி, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மாப்பிள்ளைக்குச் சொந்தமா லேத் இருக்குது கண்ணு! சீமை லேத்து!" என்று கண்ணை விரித்தார். லேத் என்றால் இரும்பைக் கடைகிற இயந்திரம் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. கார் மாதிரி ஏறிப் போகிற சாமான் என்று நினைத்துக்கொண்டு, பெருமையாகத் தலையை ஆட்டினேன்.

கல்யாணமாகி வந்த மறுநாள் காலை என் வீட்டுக்காரர் என்னை அழைத்துப்போய் முதலில் காட்டியது சமையலறையை இல்லை, கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையை. உள்ளே பச்சை வண்ணத்தில், குட்டியானை படுத்திருப்பது போல அது கிடந்தது. தொடுவதற்கு முன்னால் கையை வேட்டியில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டார். என்னைத் தொடும்போதுகூட அப்படித் துடைத்ததில்லை; அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மூடிப்போன ஒரு மில்லின் ஒர்க்ஷாப்பிலிருந்து வாங்கி வந்த லேத். அதன் நெற்றியில் வார்ப்பிலேயே எழுத்துகள் புடைத்திருந்தன. மேலே ஏதோ ஒரு கம்பெனியின் பெயர், அதற்குக் கீழே ஹாலிஃபாக்ஸ், இங்கிலாந்து.

அந்த ஒரு லேத்தில் பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்துதான் நாங்கள் தலையெடுத்தோம். பிறகு நாலு லேத் வந்தன, கொட்டகை கட்டடமானது. ஆனாலும் ஆயுத பூஜைக்கு முதல் சந்தனம் அதற்குத்தான். பொட்டு வைப்பது என் வேலை. ஹாலிஃபாக்ஸ் என்பதற்கு இங்கிலீஷில் ஏழு எழுத்து, ஏழு பொட்டு. பன்னிரண்டு வருஷம் வைத்ததில், கண்ணை மூடிக்கொண்டு தடவினால்கூட எது எந்த எழுத்து என்று சொல்லிவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பர்மிங்ஹாமில் நடந்த இயந்திரக் கண்காட்சிக்கு எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் குழுவாகக் கிளம்பியபோது, இவரும் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். "நீயும் வா அம்மணி" என்றார். எனக்கு அன்றைக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. ஊட்டியையே இரண்டு தடவைதான் பார்த்தவள் நான்! அங்கே நாலு நாள் கண்காட்சி. ஐந்தாம் நாள் ஊர் சுற்ற விட்டார்கள். ஆறாம் நாள் காலையில் ஊருக்குத் திரும்ப வேண்டும். எல்லோரும் லண்டனுக்கு பஸ் ஏறினார்கள். இவர் மட்டும், "நாங்க ஹாலிஃபாக்ஸ் போயிட்டு வாரமுங்க" என்றார்.

குழுத் தலைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அங்க என்னுங்க இருக்குது? ராணி ஊட்டப் பாக்காம எவனாச்சும் அங்க போவானுங்களா?"

இவர் கோட்டின் உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்குள் ஒரு போட்டோ இருந்தது. போன ஆயுத பூஜையன்று எடுத்தது. மாலை போட்டு, ஏழு பொட்டும் பளிச்சென்று தெரிய, லேத் மணப்பெண் மாதிரி நிற்கும். பக்கத்தில் இவரும் நானும். அந்த ஊரில் யாராவது ஒருத்தரிடம், இந்த லேத்தைத் தெரிந்த ஒருத்தரிடம், "உங்க ஊரு மிசினு எங்க ஊர்ல இன்னும் ஓடுதுங்க" என்று அந்தப் போட்டோவைக் காட்ட வேண்டும். சீமைக்கு இவர் வந்ததே அதற்குத்தான். கண்காட்சியெல்லாம் சாக்கு. இருந்ததோ ஒரே ஒரு நாள்.

இவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், "காப்பி குடிங்க" என்றதும் சரி என்று சொல்லிவிடக் கூடாது. "வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சுட்டு வாரோம்" என்க வேண்டும். அவர்கள் "அட, சித்தெ குடிங்க" என்பார்கள். "எதுக்குங்க உங்களுக்குச் செரமம்" என்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்கவே மாட்டார்கள், டம்ளரே வந்துவிடும். அப்புறம் குடிக்கலாம். முதல் தடவையே சரி என்றால் சோற்றுக்கு அலைகிறவள் என்று பெயர் வந்துவிடும். வந்த காரியத்தையும் வாசலில் நின்று பேசக் கூடாது. காப்பி குடித்து, நாலு சமாச்சாரம் பேசி, அப்புறம்தான் எடுக்க வேண்டும். எனக்கும் இந்த முறை உண்டு. ஆனால் இவருக்கு அது ரத்தத்தில் ஊறிப்போனது.

பர்மிங்ஹாமில் தங்கியிருந்த வீட்டின் அம்மா காலையில் ரொட்டித் தட்டோடு வந்து, இன்னும் வேண்டுமா என்று கேட்கும். இவர் சிரித்துக்கொண்டே "நோ நோ, தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவை கேட்பதற்காகக் காத்திருப்பார். தட்டு நேரே சமையலறைக்குப் போய்விடும். அது போகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பார், பாவம். நாலு நாளும் இதே கதை. இரண்டாம் நாளே நான் தெளிந்துவிட்டேன், எது கேட்டாலும் எஸ்தான்.

"கொஞ்சங்கூட வெக்கமில்லையா அம்மணி?" என்றார்.

"உங்க வெக்கத்தத் தின்னுப்போட்டு நீங்க இருங்க. எனக்கு முட்டை வேணும்" என்றேன்.

விடியக் கிளம்பி, இரண்டு ரயில் மாறி, பதினொரு மணிவாக்கில் ஹாலிஃபாக்ஸில் இறங்கினோம். ரயில் நிலையத்துப் பலகையில் அந்த ஏழு எழுத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் சந்தனம் வைத்த எழுத்து! அத்தனை பெரிதாக, பொட்டில்லாமல், காலியாக நின்றது. "ஏனுங்க, நில்லுங்க, நில்லுங்க!" என்று இவரை அதன் கீழே நிறுத்தி ஒரு படம், என்னை நிறுத்தி ஒரு படம், வழியே போன ஒரு பெண்ணிடம் காமிராவைக் கொடுத்து இரண்டு பேருமாக ஒரு படம். பிலிம் ரோலில் கால்வாசி அங்கேயே தீர்ந்தது. அந்தப் பெண், இந்தப் பலகையை யாரும் படம் எடுத்து நான் பார்த்ததே இல்லை என்று சிரித்தாள்.

மேடும் பள்ளமுமான ஊர். தெருவுக்குத் தெரு ஏற்றம். அந்தக் காலத்து மில் புகையில் கல்கட்டடங்கள் கறுத்துப்போயிருந்தன. வீடுகளுக்கு நடுவில் மில் புகைபோக்கி ஒன்று எட்டிப் பார்த்தது. "அட, நம்ம சிங்காநல்லூராட்டவே இருக்குதே!" என்று இவர் கத்தியதில் ஒரு கிழவரின் நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. பட்டுப் புடவை, அதன்மேல் ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ என்று நான் நடந்த அழகைப் பார்த்து எத்தனை பேர் சிரித்தார்களோ, எனக்கென்ன? நானும் அவர்களைத்தானே வேடிக்கை பார்த்தேன்!

ஊருக்கு நடுவில் ஒரு பெரிய முற்றம், நாலு பக்கமும் தூண் தூணாக மாடிகள். அந்தக் காலத்தில் நெசவுக்காரர்கள் துணியைக் கொண்டுவந்து விற்ற இடமாம். ஈரோட்டு ஜவுளிச் சந்தையைத் தூக்கி ஓர் அரண்மனைக்குள் வைத்த மாதிரி இருந்தது. சத்தம் மட்டும்தான் பத்தவில்லை. அங்கிருந்து கண்ணாடிக் கூரை போட்ட மார்க்கெட். அதில் காய்கறிக் கடையில், பச்சைக் காகிதம் விரித்து அதன்மேல் தனியாக ஒரே ஒரு தேங்காய் கொலுவிருந்தது. உடுமலைக்காரி நான் விடுவேனா! எடுத்துத் தட்டினேன், காதோரம் வைத்து ஆட்டினேன், அதன் மூன்று கண்ணையும் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் வாயைப் பிளந்தார். உள்ளே இருந்து இன்னும் நாலைக் கொண்டுவந்து, இதையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று நீட்டினார். மூன்றை ஒதுக்கிவிட்டேன், ஒன்று தேறியது. அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"எதுக்கு இது?" என்றார் இவர்.

"லேத் பொறந்த ஊட்டுக்கு வெறுங்கையோடவா போறது?" என்றேன். அவருக்கே அது நியாயமாகப் பட்டது.

சுற்றுலாத் தகவல் சொல்கிற இடத்தில் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்டோம். அது மூடி வெகுகாலம் ஆயிற்று, கட்டடம் மட்டும் இருக்கிறது என்று ஒரு பெண் படம் வரைந்து வழி காட்டினாள். மூடிவிட்டார்கள் என்றதும் இவர் முகம் கொஞ்சம் தொங்கியது. "கட்டடமாச்சும் இருக்குதுல்ல, வாங்க" என்று இழுத்துக்கொண்டு நடந்தேன். இறக்கத்தில் இறங்கி, ஒரு ஓடையைத் தாண்டிப் போனால், நீளமாக ஒரு கல்கட்டடம். வாசலில் தரைவிரிப்புகள் சுருட்டிச் சுருட்டி நிறுத்தியிருந்தார்கள். கார்ப்பெட் கிடங்கு ஆகிவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தோம். வேலைக்கு நின்ற இரண்டு இளசுகளுக்கு லேத் என்றால் என்ன என்றே தெரியவில்லை. அவர்களிடம் போட்டோவைக் காட்ட இவருக்கு மனசு வரவில்லை.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ஐந்தேகாலுக்கு ரயில். இவர் அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார்.

எதிர்ச்சாரியில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். அதில் ஒன்றின் வாசலில், எழுபதைத் தாண்டிய ஒருவர் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். இவர் தெருவைத் தாண்டிப் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் துணியைக் கீழே போட்டார். நான் முப்பத்தொரு வருஷம் இதற்குள்தானே வேலை பார்த்தேன் என்றார்!

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. இவர் காது மடல் சிவந்துவிட்டது. லேத்தின் அடித்தளத்தைக் கையாலேயே சுரண்டிச் சுரண்டி மட்டம் பார்க்கிற வேலையாம் அவருக்கு. கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். பிறகு கதவைத் திறந்து, உள்ளே வந்து ஒரு டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர், நெஞ்சில் கை வைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "நோ நோ சார், தேங்க்யூ. ஜஸ்ட் நவ் ஓன்லி வி ஹேட்" என்றார்.

அவரும் சிரித்தார். அப்படியா, நல்லது, ஊரை நன்றாகச் சுற்றிப் பாருங்கள் என்று இவர் கையைக் குலுக்கினார். துணியை எடுத்துக்கொண்டார். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றோம். போட்டோ கோட்டுப் பையிலேயே இருந்தது.

"ஏனுங்க," என்றேன், "நீங்க மனுசனா, இல்ல நெசமாலுமே லேத்தா?"

"இன்னொருக்கா கூப்புடுவாருன்னு..."

"அவரென்ன உங்க பெரியப்பாவா, கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போறதுக்கு? நாலு நாளா ரொட்டித் தட்டு போனதப் பாத்தும் புத்தி வல்லியா? போட்டோவையாச்சும் காட்டியிருக்கலாமுல்ல!"

"வாசல்ல நின்னுட்டு எப்புடி அம்மணி காட்டறது? உள்ள போயி, டீ குடிச்சுப்போட்டு, மெதுவாக் காட்டலாமுன்னு..." என்று சொல்லும்போதே இவர் குரல் இறங்கிவிட்டது. "சரி, போலாம் வா. ரயிலுக்கு நேரமாச்சு. ஒரு தடவ வேண்டாமுன்னு சொல்லிப்போட்டு மறுபடி போயி நின்னா அசிங்கம்" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு இவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

ஒறம்பரையாக, விருந்தாளியாகப் போன வீட்டில் வேண்டாம் என்று சொன்ன காப்பியை நானே போய்க் கேட்பதா? என் அம்மா கேட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்வாள். பையிலிருந்து தேங்காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். தெருவைத் தாண்டினேன். கதவைத் தட்டினேன்.

திறந்தவரிடம், கல்லூரியில் படித்த இங்கிலீஷையெல்லாம் திரட்டிச் சொன்னேன். ஐயா, எங்கள் ஊரில் முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வோம். மூன்று தடவை கேட்டால்தான் சரி என்போம். நீங்கள் ஒரு தடவைதான் கேட்டீர்கள். என் கணவருக்கு டீ வேண்டும். எனக்கும் வேண்டும். உங்களிடம் ஒன்று காட்டவும் வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த தேங்காயைப் பார்த்தார், எதிரே தலையைக் குனிந்து நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு அவருக்கு வந்ததே ஒரு சிரிப்பு! கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே, தெருவைப் பார்த்து மூன்று தடவை, உள்ளே வாருங்கள், உள்ளே வாருங்கள், உள்ளே வாருங்கள் என்று கத்தினார். இவர் ஓடியே வந்துவிட்டார்.

ஒரு ஆள் குடியிருக்கிற வீடு. மேசையில் ஒரு தட்டு, ஒரு கோப்பை. எங்களுக்காக அலமாரியிலிருந்து பூப்போட்ட கோப்பைகளை எடுத்துக் கழுவினார். தேங்காயை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பின்வாசல் கல்படியில் நான் ஒரே போடு போட்டேன்; சரிபாதியாக விண்டது. நல்ல சகுனம்! பிஸ்கெட்டோடு தேங்காய்ச் சில்லைக் கடித்து டீ குடித்தோம். டீ குடித்து முடிக்கும் வரைக்கும் இவர் வாயைத் திறக்கவில்லையே! நான் காலால் இவர் காலை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

கடைசிச் சொட்டும் தீர்ந்த பிறகு இவர், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போட்டோவை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். மாலையைக் காட்டி இது என்ன, பொட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டார். வருஷத்துக்கு ஒரு நாள் நாங்கள் அதைக் கும்பிடுவோம் என்று சொன்னேன். லேத்தையா என்றார். லேத்தைத்தான் என்றேன். அவர் மறுபடி போட்டோவை உற்றுப் பார்த்து, இது நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் செய்தது, அடித்தளத்தைச் சுரண்டிய கை என்னுடையது இல்லை, என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த பெரியவர்கள் யாருடையதாவது இருக்கும் என்றார். பிறகு மெதுவாக, இது இன்னும் சரியாக ஓடுகிறதா என்று கேட்டார்.

"கிளம்பறதுக்கு மொத நாளுகூட ஷாஃப்ட் கடைஞ்சனுங்க. ஒரு தலைமுடியில பாதிகூட வித்தியாசம் வராதுங்க!" என்று இவர் உணர்ச்சிவசப்பட்டுத் தமிழிலேயே சொல்லிவிட்டார். நான் இங்கிலீஷில் சொல்வதற்குள் அவர் தலையை ஆட்டினார். எப்படித்தான் புரிந்ததோ! அதற்குப் பிறகு இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். சுரண்டினார்கள், கடைந்தார்கள், அளந்தார்கள். எனக்கு அங்கே வேலையே இல்லை. இன்னொரு பிஸ்கெட் எடுத்துக்கொண்டேன், யாரும் கேட்காமலேயே.

மணி நாலேமுக்கால் ஆகிவிட்டது. எழுந்தோம். இவர் மேசைமேல் இருந்த போட்டோவை எடுத்து அவரிடம் நீட்டி, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். ஐயோ, வேண்டாம், வேண்டாம், இது உங்களுடையது, நான் எப்படி வாங்குவது என்றார்.

என் வீட்டுக்காரர் அதற்குள் சீமைப் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார். இவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "ஓக்கே சார்" என்று போட்டோவைக் கோட்டுப் பைக்குள் வைக்கப்போனார்.

நான் அந்தப் பெரியவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண், திரும்பிப் போகிற போட்டோவோடு கூடவே போயிற்று. பையின் விளிம்பு வரைக்கும் போய், அங்கேயே நின்றது. அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? நாலு நாளாகக் காலையில் ரொட்டித் தட்டுக்குப் பின்னால் போன அதே பார்வை!

இவர் முழங்கையில் ஒரு இடி இடித்தேன். "ஏனுங்க, இன்னொருக்கா கேளுங்க."

"வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாரே."

"கேளுங்கன்னா கேளுங்க!"

கேட்டார். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். உங்களுக்கு ஊரில் காட்ட வேண்டாமா என்றார், கொஞ்சம் சின்னக் குரலில். நான் இவர் கையைப் பிடித்து மறுபடியும் முன்னால் நீட்டினேன். அது மூன்றாவது தடவை. இந்தத் தடவை அவர் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்தார். இரண்டையும் கால்சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, எங்கள் லேத்தை வாங்கிக்கொண்டார்.